ஒர்க்‌ஷாப் போய்வந்த பிறகு லாரியின் ஸ்டீயரிங் மாறினால்

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்வரை ஒழுங்காக ஓடிய லாரி, வெளியே வந்ததும் ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டீயரிங் கனக்கிறது என்று டிரைவர்கள் வந்து நிற்பார்கள். நான் முதலில் கேட்பது பழைய பில்லைத்தான். எதைக் கழற்றினார்கள், எதை மாற்றினார்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நேற்றுவரை இல்லாத கோளாறு இன்று வந்திருந்தால், கை வைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். அதை விட்டுவிட்டு சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்டுக்கு நேராக ஓடுவது வீண் செலவு. சிங்கப்பூரில் பல லாரிகளின் பின்னால் சரக்கோடு ஆட்களும் உட்கார்ந்து போகிறார்கள் என்பதால், இது செலவோடு நிற்கிற விஷயமும் இல்லை.

அண்மையில் ஒரு 14 அடி லாரி வந்தது. முன்பக்க ஸ்பிரிங் பட்டைகளை மாற்றியிருந்தார்கள். "அண்ணே, திருப்பினா ஸ்டீயரிங் தானா நேரா வரமாட்டேங்குது. எக்ஸ்பிரஸ்வேல ரெண்டு பக்கமும் அலையுது" என்றார் டிரைவர். ஸ்டீயரிங் வீலின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே, ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் ஆப்பு மாதிரி ஓர் இரும்புத் தட்டு இருக்கும். இரண்டு பக்கமும் அதைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். முன் சக்கரம் இடவலமாகத் திரும்ப அச்சாக இருக்கும் கிங் பின்னின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். காஸ்டர் என்று சொல்லும் அந்தச் சாய்வுதான், திருப்பிய சக்கரத்தை மறுபடி நேருக்குக் கொண்டுவருகிறது. தட்டு மாறினால் சாய்வு குறையும், வண்டி அலையும். தட்டைச் சரியாக வைத்து, ஸ்பிரிங்கை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கியதும் சரியாகிவிட்டது. ஸ்டீயரிங் பாக்ஸில் ஒரு குறையும் இல்லை.

ஸ்பிரிங் வேலையில் இன்னொன்றும் நடக்கும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டின் தலை ஆக்சில் குழியில் சரியாக உட்காராவிட்டால், ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து வண்டி இழுக்கும். யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓடிய பிறகு மறுபடி முறுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கிறதா? பெரும்பாலும் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான டிராக் லிங்கைக் கழற்றி நீளம் மாற்றி மாட்டியிருப்பார்கள். சிலர் ஸ்டீயரிங் வீலை மட்டும் கழற்றி நேராக மாட்டித் தந்துவிடுகிறார்கள். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பார்வைக்கு நேராகத் தெரியும், ஆனால் உள்ளே ஸ்டீயரிங் பாக்ஸின் நடுநிலை விலகியே இருக்கும்.

கிங் பின் மாற்றிய பிறகு கனத்தால், முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டிராக் லிங்கைப் பிரித்துச் சக்கரங்களைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கிங் பின் புஷ்ஷிலோ கிரீஸ் போகாத இடத்திலோதான் கோளாறு. லேசாகத் திரும்பினால் மேலே, பாக்ஸ், பம்ப் பக்கம் போகலாம். பவர் ஸ்டீயரிங் ஆயில் மாற்றிய பிறகு முனகல் சத்தமும் டேங்கில் நுரையும் வந்தால், உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பாருங்கள். எப்போதும் லேசாக இடப்பக்கம் ஒதுங்கினால், ரோட்டின் சரிவும் காரணமாக இருக்கலாம். சமமான இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, முன் டயர்களை இடம் மாற்றிப் போடுங்கள். இழுக்கும் பக்கமும் மாறினால் டயர்தான் காரணம்.

எந்த வேலைக்குப் பிறகும் நான் விடாமல் செய்யும் சோதனை ஒன்று. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இங்கும் அங்கும் கொஞ்சமாக ஆட்ட, இன்னொருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனை, டிராக் லிங்க், பாக்ஸையும் டிராக் லிங்கையும் இணைக்கும் பிட்மேன் ஆர்ம் என்று எங்கே ஆட்டம் இருந்தாலும் தெரிந்துவிடும். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இல்லாமலே வெளியே வந்த வண்டிகளை இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறேன். புது டை ராட், பளபளவென்று நட்டு, பின் இருக்க வேண்டிய ஓட்டை காலி. ஓடும்போது அது கழன்றால் சக்கரம் டிரைவர் சொல்வதைக் கேட்காது.

"புது சாமான், ஓட ஓட செட் ஆகிவிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். வேலை முடிந்த அன்றே ஸ்டீயரிங் சரியாக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். அது பத்து வருஷத்துக்குட்பட்ட லாரிக்கு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு மேற்பட்டதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான்.

டிரைவர் தம்பிகளுக்கு ஒன்று. முதலாளி ஏசுவார் என்று பேசாமல் இருக்காதீர்கள். சாவியை வாங்குவதற்கு முன் பக்கத்து ரோட்டில் ஒரு சுற்று ஓட்டி, மாற்றம் தெரிந்தால் அங்கேயே சொல்லுங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் போகும்போது ஸ்டீயரிங் திடீரென்று இறுகினாலோ, ஆட்டம் கூடினாலோ, ஹசார்ட் லைட்டைப் போட்டு ரோட்டோர ஷோல்டரில் நிறுத்துங்கள். ஆட்களை இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவின் ஈமாஸ் ரெக்கவரி வண்டி, எக்ஸ்பிரஸ்வேயில் நின்றுபோன வண்டியைப் பக்கத்தில் ஒதுக்கியிருக்கும் கார் பார்க் வரை இலவசமாகவே இழுத்துப் போகும்.