மூளைச்சாவுக்குப் பின் சிறுநீரகத்தில் நடப்பது

"மூளைச்சாவு என்கிறீர்கள், இதயம் மட்டும் எப்படித் துடிக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதயத்துக்குச் சொந்தமாக ஒரு மின் மையம் உண்டு. வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு மூளையைக் கேட்காமலேயே துடிப்பை எழுப்பும்; ஆக்சிஜன் கிடைத்தால் போதும், அதை வென்டிலேட்டர் கொடுத்துவிடுகிறது. மூச்சு அப்படியல்ல. அதற்கான கட்டளை மூளைத்தண்டிலிருந்து வந்தாக வேண்டும். அதனால்தான் மூளைச்சாவை உறுதிசெய்ய வென்டிலேட்டரைக் கழற்றி, குழாய் வழியே ஆக்சிஜனை மட்டும் விட்டுப் பார்க்கிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தொட்டும் மார்பு அசையவில்லை என்றால், அந்தக் கட்டளை இனி வராது.

மற்ற சோதனைகளும் முடிந்து, உறுப்பு தானத்துக்குக் குடும்பமும் சம்மதித்துவிட்டது. இனி அறுவை அரங்குதான் பாக்கி என்று பலர் நினைக்கிறார்கள். பல உறுப்புகள் வீணாவது இந்த இடைவெளியில்தான்.

நலமாக இருக்கும்போது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ரத்தத்தின் அடர்த்தியை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். சற்றே கூடினாலும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியாக ரத்தத்தில் கலக்கும். சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்களில் உள்ள செல்களை அது தொட்டதும் ஓர் அழகான வேலை நடக்கிறது. செல்லுக்குள் சிறு பைகளில் பதுங்கிக் கிடக்கும் அக்வாபோரின் புரதங்கள் செல் சவ்வுக்கு நகர்ந்து பதிகின்றன. ஒவ்வொன்றும் நீர் மூலக்கூறுகள் மட்டும் வரிசையாக நுழையும் துளை. சிறுநீராகப் போகவிருந்த நீர் அதன் வழியே உடலுக்குத் திரும்பிவிடுகிறது. ஹார்மோன் குறைந்தால் செல் அந்தத் துளைகளை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மூளை இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஹார்மோன் நின்றுபோகிறது. கட்டிலோரம் தொங்கும் பையில் நிறமே இல்லாத சிறுநீர் மணிக்குப் பல நூறு மில்லி சேர்கிறது. ரத்த அழுத்தம் சரிகிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் 155-ஐயும் தாண்டுகிறது. அந்த உப்புச் சூழலுக்குப் பழகிய கல்லீரலை இயல்பான ரத்தம் உள்ள உடலில் வைத்தால், அதன் செல்களுக்குள் நீர் பாய்ந்து அவை வீங்குகின்றன என்று கருதப்படுகிறது.

பரிகாரம் எளிது. நின்றுபோன ஹார்மோனையே சொட்டு சொட்டாக ஏற்றினால், சிறுநீரும் அடங்குகிறது, ரத்தக் குழாய்களும் சுருங்கி அழுத்தம் நிமிர்கிறது. ஒரே மருந்தில் இரண்டு வேலை! ஆனால் சிறுநீரை மணிக்கு மணி அளக்கவும் சோடியத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கவும் ஆள் வேண்டும். இறப்பை அறிவித்ததும் கவனம் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிற மருத்துவமனையில் அது நடக்காது. ஸ்பெயின் 1989-இல் தேசிய மாற்று உறுப்பு அமைப்பை நிறுவி, மருத்துவமனைகளுக்குள்ளேயே ஒருங்கிணைப்பாளர்களை வைத்தது. அவர்களில் பெரும்பாலோர் தீவிர சிகிச்சை மருத்துவர்கள். உறுப்பு தானத்தில் அந்நாடு நீண்ட காலமாக உலக முன்னணியில் இருப்பதற்கு இது முக்கியக் காரணம் என்பேன்.

கொடையாளரின் உடலைப் பராமரிப்பது பற்றிய ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவோர் காட்டும் அலட்சியம் எனக்குப் புரியவில்லை. 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கொடையாளரின் உடலை வழக்கத்தைவிடச் சற்றுக் குளிர்வாக, 34-35 டிகிரி செல்சியஸில் வைத்திருந்ததும், மாற்றிய சிறுநீரகம் உடனே வேலை செய்யாமல் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களின் பங்கு 39 சதவீதத்திலிருந்து 28 ஆகக் குறைந்தது. சிறுநீரகத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் குளிர்ந்த திரவம் ஓடவிட்டு வைப்பது அதைவிட மேல் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. புது மருந்துகளுக்குக் கொட்டும் தொகையில் ஒரு சிறு பங்கு கிடைத்தாலும் இப்படிப்பட்ட கேள்விகள் பலவற்றுக்கு விடை கண்டுவிடலாம்.