மெய்நிகர் தொகையா, மனக்கணக்கா?

"சார், இந்த மெய்நிகர் தொகைங்கிறது கழிவு போக நிகரம்ங்களா?"

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர் போன வாரம், அங்கே தரவுத்தளம் அமைத்துக் கொடுக்கிற என்னிடம் கேட்டது இது. திரையில் குச்சிக்கிழங்கு வரவுப் பட்டியல்: எடைமேடைச் சீட்டில் உள்ள டன், கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு விலை, கடைசியில் 'மெய்நிகர் தொகை'. வவுச்சர் புத்தகம் அவர் முன்னால் திறந்தே இருந்தது. கழிவு எதுவும் கழிக்காத தொகையை, கழித்தது என்று நினைத்து எழுதப்போனார். அவர்மேல் தப்பே இல்லை. நிகர எடை, நிகர லாபம் என்று வருஷக்கணக்காக எழுதிய கை அது. 'மெய்' வேறு முன்னால் நிற்கிறது. அசல் நிகரத் தொகை என்றுதான் யாரும் படிப்பார்கள்.

'வர்ச்சுவல்' என்று எங்கே கண்டாலும் 'மெய்நிகர்' போட்டுவிடுகிற மொழிபெயர்ப்பாளரின் வேலை அந்தத் தலைப்பு. இந்தச் சொல் இனி இன்னும் அதிகமாக நம்மிடம் வரும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 18ஆம் பதிப்புக்கு 2025 மே 8 அன்று முதல் பீட்டா (சோதனைப் பதிப்பு) வந்தது, முழுப் பதிப்பும் அதே ஆண்டு செப்டம்பரில் வந்துவிட்டது. அதன் புது வசதிகளில் ஒன்று 'வர்ச்சுவல் ஜெனரேட்டட் காலம்'. (காலம் என்பது இங்கே column, பட்டியலின் நெடுவரிசை. தமிழில் 'காலம்' என்று எழுதினால் அது நேரமாகிவிடுகிறது. அரசுப் படிவங்களில் 'கலம் எண் 5' என்று போடுகிறார்கள் அல்லவா, அந்தக் கலத்தையே எடுத்துக்கொள்கிறேன்.)

வசதி இதுதான். 12 டன், 27 பாயிண்ட், பாயிண்டுக்கு டன் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 97,200. இந்தப் பெருக்கலைத் தரவுத்தளமே செய்து ஒரு கலத்தில் காட்டும். 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலேயே இது உண்டு. ஆனால் விடையைக் கணினியின் வட்டில் எழுதியே வைக்கும், வேறு வழி கிடையாது. 18இல் எழுதாமலே வைத்திருந்து, யாராவது கேட்கும்போது பெருக்கிச் சொல்லும். எந்த வகை என்று நாம் குறிப்பிடாவிட்டால் இந்த எழுதாத வகைதான் கிடைக்கும். ஆரக்கிள், மைஎஸ்கியூஎல் என்ற மற்றத் தரவுத்தளங்களில் பல வருஷமாக இருப்பதுதான். 18இல் இந்தக் கலத்துக்கு, சீக்கிரம் தேட உதவுகிற இன்டெக்ஸ் போட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'வர்ச்சுவல்' என்ற சொல்லின் கதை சின்னது. லத்தீனில் 'விர்' என்றால் ஆண்மகன். அதிலிருந்து ஆற்றல், சிறப்பு என்ற பொருளில் 'விர்ட்டஸ்'. அதிலிருந்து 'உருவில் இல்லாவிட்டாலும் பயனில் அதுவே' என்ற பொருள் வந்தது. கணினிக்காரர்கள் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசிப் பொருளை.

'மெய்நிகர்' கெட்ட சொல் இல்லை. கணினிப் படம் காட்டும் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஏற்காட்டின் லேடிஸ் சீட் காட்சிமுனையில் நிற்பதுபோல் பார்க்கிறோமே, அதற்குப் பொருத்தமான சொல். அங்கே காண்பது மெய் அல்ல, மெய்க்கு நிகரானது. ஆனால் 97,200 எதற்கு நிகரானது? அது மெய்யேதான், ஒரு பைசா கூடக் குறையவில்லை. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பொருள் போலி என்பதும் அதை ஏட்டில் ஏற்றவில்லை என்பதும் ஒன்றா? பள்ளி இயற்பியலில் இதே 'வர்ச்சுவல்' மாய பிம்பமாக வந்தது. அதைப் பார்த்து இங்கே 'மாயத் தொகை' என்று போட்டிருந்தால் கிழங்கு கொண்டுவந்த விவசாயி லாரியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். அந்த வகையில் மெய்நிகர் தேவலாம்.

என் முதல் யோசனையும் சொதப்பியது. செல்லாக்காசு மாதிரி, சேமிக்காத கலத்தைச் 'சேமியாக் கலம்' என்றேன். இலக்கணம் சரி. கணக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜவ்வரிசி ஆலையில சேமியாவுங்களா? பாயசமே வெச்சிரலாம்." அப்புறம் 'எழுதாக் கலம்' என்று பார்த்தேன். காலியாக விட்ட கலம் என்று தோன்றும், அதுவும் ஆகாது.

நான் இப்போது சொல்வது 'மனக்கணக்குக் கலம்'. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் பழைய ஆள் யாரிடமாவது எடையும் விலையும் சொல்லிப் பாருங்கள், பேனாவைத் தொடாமல் தொகையைச் சொல்வார். விலையை மாற்றிச் சொன்னால் தொகையும் மாறும், ஏட்டில் அடித்துத் திருத்தும் வேலை இல்லை. அந்தக் கலம் செய்வதும் அதையேதான். எழுதி வைக்கிற மற்ற வகைக்குப் 'பதிவுக் கலம்'. மனக்கணக்கு என்றால் உள்ளுக்குள் திட்டம் போடுவது என்றும் பொருள் உண்டே என்று தூயதமிழ் நண்பர் ஒருவர் மறுத்தார். உண்டுதான். ஆனால் கிழங்குப் பட்டியலில் யாரும் சதி செய்வதாக நினைக்கப்போவதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள்மேல் என் வருத்தம், பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை என்பது. இதே போஸ்ட்கிரெஸில் 'வேக்யூம்' என்று ஒரு கட்டளை. செத்த வரிகளை அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் புது வரிகள் ஏற வழி செய்வது அதன் வேலை. ஒரு கையேட்டில் அதை 'வெற்றிடம்' என்று போட்டிருந்தார்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் மண் அள்ளியதைப் பார்த்த சேலத்துக்காரரிடம் அந்த வேலையைச் சொன்னால் ஒரே சொல்லில் முடிப்பார்: தூர்வாருதல்.

ஆலையில் தலைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மனக்கணக்கு என்று போடவில்லை. அந்தச் சொல் தரவுத்தளத்தை அமைக்கிற எங்களுக்கு, கணக்கருக்கு அது எழுதிய தொகையா எழுதாத தொகையா என்பது எதற்கு? என்ன போடட்டும் என்று அவரையே கேட்டேன். "கழிவுக்கு முன்னு போட்டுருங்க சார்" என்றார். அப்படியே இருக்கிறது.