இத்தாலியில் பெயர் பதியும்போது ஜே, கே, ஒய் மீது ஒரு கண் வையுங்கள்

இத்தாலிய அரிச்சுவடியில் 21 எழுத்துகள்தான். ஜே, கே, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஐந்தும் அதில் சேராது. பிறமொழிச் சொற்களிலும் பெயர்களிலும்தான் பெரும்பாலும் வரும். பலெர்மோவில் குடியேறும் தமிழரின் பெயரிலோ இவற்றில் ஒன்றிரண்டு பெரும்பாலும் இருக்கும்.

அகராதியிலும் கணினியிலும் இந்த எழுத்துகள் உண்டு. சிக்கல் காதில்தான். யுவெந்துஸ் கால்பந்து அணியின் பெயர் ஜே-யில் தொடங்கினாலும் அங்கே ஒலி 'ய'. ஜீன்ஸில் அதே எழுத்துக்கு 'ஜ'. எனவே 'ஜெயக்குமார்' என்று வாயால் மட்டும் சொன்னால், கவுண்டரில் இருப்பவர் தம் மொழி வழக்கப்படி ஜி போட்டுத் தொடங்கலாம். 'கார்த்திக்' சி-யில் தொடங்கலாம். எச்சுக்கு அவர் மொழியில் ஒலியே இல்லை, அது விடுபட்டுப் போகும்.

ஆங்கில முறையில் எழுத்தெழுத்தாகச் சொன்னால் இன்னும் மோசம். நாம் 'ஈ' என்றால் அவர் ஐ எழுதுவார். நாம் 'ஏ' என்றால் ஈ எழுதுவார். இத்தாலிய எழுத்துப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஜே 'இ லுங்கா', கே 'காப்பா', டபிள்யூ 'தோப்பியா வூ', எக்ஸ் 'இக்ஸ்', ஒய் 'இப்சிலோன்', எச் 'ஆக்கா'. எம், என் குழம்பினால் ஊர்ப் பெயரைச் சேர்த்து 'எம்மே கோமே மிலானோ', 'என்னே கோமே நாப்போலி' என்று சொல்வது அங்கே எல்லோருக்கும் பழக்கம். அதைவிட நல்லது பாஸ்போர்ட்டைத் திறந்து நீட்டுவது.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? கோதிச்சே ஃபிஸ்காலே எனும் வரி அடையாள எண்ணில் 16 எழுத்தும் இலக்கமும் உண்டு. முதல் மூன்று, குடும்பப் பெயரின் முதல் மூன்று மெய்யெழுத்துகள். ஒய்யும் மெய்யாகவே கணக்கு. குடும்பப் பெயர் ஜெயக்குமார் என்றால் ஜே-ஒய்-கே வர வேண்டும். ஜே-க்குப் பதில் ஐ விழுந்தால் ஒய்-கே-எம். ஒய் ஐ-யாக மாறினால் ஜே-கே-எம். அடுத்த மூன்று சொந்தப் பெயருக்கு. அதில் நான்கோ அதற்கு மேலோ மெய்கள் இருந்தால் முதலாவது, மூன்றாவது, நான்காவது எடுப்பார்கள். கார்த்திக் கே-டி-எச், எச் விடுபட்டால் கே-டி-கே. அடையாள எண்ணே வேறாகிவிடுகிறது.

ஈ, ஐ மாறினால் இந்த மூன்றெழுத்தில் பெரும்பாலும் தெரியாது, மெய்கள் மூன்றுக்குக் குறைந்தால்தானே உயிரெழுத்தை அங்கே எடுப்பார்கள்! எண் சரி, பெயர் தப்பு என்ற நிலையில் பலர் மாதக்கணக்கில் கவனிக்காமல் இருந்துவிடுகிறார்கள். ஆகவே முழுப் பெயரையும் பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், கவுண்டரை விட்டு நகரும் முன்பே. பிறகு தெரிந்தால் பாஸ்போர்ட்டோடு அஜென்ஸியா தெல்லே என்த்ராதே எனும் வரித்துறை அலுவலகத்தில் திருத்தக் கேளுங்கள். அந்தத் துறையின் இணையதளத்திலேயே பெயர், பிறப்பு விவரத்தோடு எண் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். வங்கிக் கணக்கு, வேலை ஒப்பந்தம், சுகாதார அட்டை எல்லாம் இந்த எண்ணைத்தான் கேட்கும். அவற்றுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.