மரக்கரி: சொல் விளக்கம்

தென்னாப்பிரிக்காவில் இறைச்சியை வாட்டும் 'பிராய்' அடுப்புக்கெனப் பைகளில் விற்கப்படும் சார்க்கோலுக்கு மரக்கரி என்பதே பொருத்தமான தமிழ்ச் சொல். ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் 'ஹௌட்ஸ்கூல்' என்பதும் சொல்லுக்குச் சொல் மரக்கரிதான். ஆனால் அம்மொழியின் 'ஸ்டீன்கூல்' என்பதை அதே முறையில் கற்கரி என்று பெயர்த்துவிடக் கூடாது. அது குறிப்பது நிலக்கரியை. தமிழில் கற்கரி என்பது, நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கிப் பெறும் 'கோக்' ஆகும். 1913இல் நேட்டாலின் நியூகாசில் வட்டாரத்தில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து வெளியேறியது நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்தே.

கருமையைக் குறிக்கும் 'கரு' என்னும் வேரோடு உறவுடைய சொல் கரி. மலையாளத்திலும் கன்னடத்திலும் அது வழங்குகிறது. இருந்தை என்ற பழஞ்சொல்லும் இப்பொருளில் உண்டு. இன்று அதை எழுதினால் எவருக்கும் விளங்காது. 'இந்திரனே சாலுங் கரி' என்ற குறளடியில் வரும் கரிக்குச் சான்று என்பது பொருள். அடுப்பில் எரிவது கரி, அதன்மேல் வாட்டப்படுவது கறி. பேச்சில் ரகர றகர வேறுபாடு மங்கிவிட்ட டர்பன் போன்ற ஊர்களில் எழுதும்போதேனும் இதைக் காப்பது நல்லது.

கரி சுடும் அடுக்குக்குத் தமிழகத்தில் கரிமூட்டம் என்று பெயர். 'சூளை' என்பதும் தவறன்று. எனினும் விறகை நெருக்கமாக அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, சிறு துளைகள் வழியே மட்டும் காற்றைவிட்டுக் கனியவைக்கும் இத்தொழிலுக்கு மூட்டம் என்ற சொல்லே இயல்பாக அமைகிறது. விறகின் ஈரம் நீங்கும்வரை புகை வெளுத்து அடர்ந்து வரும். பின்னர் அது மெலிந்து நீலம் பாரிக்கும்போது துளைகளை அடைத்துவிடுவர். முழுவதும் ஆறுமுன் மூட்டத்தைப் பிரித்தால், காற்றுப் பட்டதும் கரி பற்றிக்கொண்டு சாம்பலாகிவிடும். எடைக்கணக்கில் விறகில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே கரியாகத் தேறும். குவாசுலு நேட்டாலில் தோல் பதனிடும் பட்டைக்காக வளர்க்கப்பட்ட 'வாட்டில்' மரமும் இவ்வாறு கரியாக்கப்படுகிறது.

கனன்றுகொண்டிருக்கும் கரியைத் தணல் அல்லது கங்கு என்பர். சாம்பிராணி இடுவது தணலில்தான். கரித்தூளை மாவுப்பசையோடு பிசைந்து அச்சில் அழுத்திய 'பிரிக்கெட்' என்பதைக் கரிக்கட்டி எனலாம்.