ஃபேன் இல்லாத கார்டும் 2 யூ சர்வரும்

பெரிய நிறுவனங்கள் கழித்துக்கட்டிய ரேக் சர்வர்கள், அதாவது ரேக் என்ற இரும்புச் சட்டகத்தில் அடுக்கும் தட்டையான கணினிகள், சென்னையில் கையைக் கடிக்காத விலைக்குக் கிடைக்கின்றன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் இரண்டு சிபியு, நிறைய மெமரி என்று கனமான 2 யூ பெட்டி ஒன்று சிக்கிவிடும். வாங்கியவர்களுக்கு அடுத்து வருகிற ஆசை, அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகி ஏஐ மாடல்களைச் சொந்தமாக ஓட்டிப் பார்ப்பது. அதற்குத் தோதாக, என்விடியாவின் டெஸ்லா பி40 போன்ற பழைய டேட்டா சென்டர் கார்டுகளும் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. 2016இல் வந்த கார்டுதான், ஆனால் 24 ஜிபி மெமரி இருக்கிறதே! "ஸ்லாட் காலியா இருக்கு, போட்டா ஓடாதா?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. செருகிவிடலாம். ஓடுமா என்பதை முடிவு செய்வது ஸ்லாட் அல்ல; மின்சாரமும், அதைவிட முக்கியமாகக் காற்றும்.

முதலில் இடம். ரேக்கில் உயரத்தை யூ கணக்கில் சொல்வார்கள். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர். அப்படியென்றால் 2 யூ சர்வர் 89 மில்லிமீட்டரைத் தாண்டாது. முழு உயர பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டோ (கிராபிக்ஸ் கார்டு செருகும் ஸ்லாட்டின் வகை அது) 111 மில்லிமீட்டர். அதை மதர்போர்டில் நிமிர்த்திச் செருக வழியே இல்லை. படுக்க வைக்க வேண்டும். அதற்கான இடைப் பலகைதான் ரைசர். ஒரே மாடல் சர்வருக்கே பல வகை ரைசர்கள் உண்டு. மூன்று மெல்லிய கார்டுகளுக்கான ரைசர் இருக்கும் பெட்டியில், இரண்டு ஸ்லாட் அகலமுள்ள பி40 உட்காராது. சர்வர் வாங்கும்போதே மூடியைத் திறந்து ரைசரைப் பார்த்துவிடுங்கள். பிறகு தனியாகத் தேடினால் சர்வர் விலையில் பாதியைக் கேட்பவர்களும் உண்டு.

4 யூ பெட்டி என்றால் கார்டு நிமிர்ந்தே நிற்கும். ஆனால் வீட்டுக் கணினிக்கான கேமிங் கார்டுகள் அங்கேயும் தகராறு செய்யும். ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் உயரம் 137 மில்லிமீட்டர், பருமன் மூன்று ஸ்லாட். அதன் பவர் கனெக்டர் மேல் விளிம்பில் இருப்பதால், ஒயர் வளைவதற்கும் இடம் விட்டால் மூடி இடிக்கும். டேட்டா சென்டர் கார்டுகளில் கனெக்டரை வால் பக்கம் வைத்திருப்பது இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான்.

லேன், அதாவது ஸ்லாட்டுக்கும் சிபியுவுக்கும் இடையே தரவு ஓடும் தடம், அந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு சிபியு சாக்கெட் உள்ள சர்வரில் சில ஸ்லாட்டுகள் முதல் சிபியுவோடும், மற்றவை இரண்டாவதோடும் இணைந்திருக்கும். இரண்டாவது சாக்கெட் காலியாக இருந்தால் அதன் ஸ்லாட்டுகளும் செத்தவைதான். கார்டு கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இதைப் பாருங்கள். ஸ்லாட் பார்வைக்கு 16 லேன் நீளம் இருந்தும் உள்ளே 8 லேன் மட்டும் ஓடுவதும் உண்டு. ஏஐ மாடல் மொத்தமும் கார்டின் மெமரியிலேயே அடங்கிவிட்டால், அதனால் பெரிய நஷ்டமில்லை.

இனி மின்சாரம். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். பி40க்குத் தேவை 250 வாட். மீதியைத் தனி ஒயர் கொண்டுவர வேண்டும், வில்லங்கம் அங்கேதான். கேமிங் கார்டுகளில் இருக்கும் 8 பின் கனெக்டரும், பி40 போன்ற கார்டுகளில் இருக்கும் 8 பின் கனெக்டரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றல்ல. பி40இல் இருப்பது மதர்போர்டில் சிபியுவுக்கு மின்சாரம் தருகிற வகை. அதில் நான்கு பின்கள் 12 வோல்ட், நான்கு பின்கள் கிரவுண்ட். கேமிங் வகையில் மூன்று பின்கள்தான் 12 வோல்ட். அவையும் கிளிப் இருக்கும் பக்கத்துக்கு எதிர் வரிசையில் இருக்கும். சிபியு வகையிலோ கிளிப் இருக்கும் வரிசைதான் 12 வோல்ட். ஒன்றை இன்னொன்றில் அழுத்தித் திணித்தால் 12 வோல்ட் நேராகக் கிரவுண்டில் போய் இறங்கும். பவர் சப்ளை உஷாராக இருந்தால் தானே அணைந்துகொள்ளும். இல்லாவிட்டால் கார்டு போனது போனதுதான்.

சர்வரின் ரைசரிலோ போர்டிலோ இருக்கும் பவர் சாக்கெட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் அந்த மாடலுக்கென்றே செய்த கேபிளை வாங்குவதே சரி. கேபிள் வந்ததும் கார்டில் மாட்டாமல் சர்வரை ஆன் செய்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சர்வரின் உலோகச் சட்டத்தில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு பின்னிலும் தொட்டுப் பாருங்கள். கிளிப் பக்க வரிசை நான்கிலும் 12 காட்ட வேண்டும், மற்ற நான்கிலும் பூஜ்யம். இரண்டு நிமிட வேலை.

பவர் சப்ளை கணக்கிலும் ஒரு பொறி உண்டு. சர்வரில் 750 வாட் சப்ளை இரண்டு இருந்தால் 1500 வாட் கையில் இருப்பதாகத் தோன்றும். ஒன்று போனால் மற்றது தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இரண்டாவது. ஆகவே உங்கள் கணக்கில் இருப்பது 750 மட்டுமே. இரண்டு சிபியுவும் சேர்ந்து 240, மெமரியும் டிஸ்க்கும் 150, ஃபேன்களுக்கு ஒரு 80, கார்டு 250 என்று வைத்தாலே 720 ஆகிவிடுகிறது. இதில் இரண்டாவது கார்டுக்கு ஆசைப்படக் கூடாது. 1600 வாட் சப்ளைக்கு மாறினால் சுவரையும் கவனிக்க வேண்டும்: 230 வோல்ட்டில் நம் வீட்டு 6 ஆம்பியர் பாயிண்ட் தருவது 1380 வாட்தான். ஏசிக்குப் போடுகிற 16 ஆம்பியர் பாயிண்ட் தேவைப்படும்.

இப்போது காற்று. பி40ஐக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, அதில் ஃபேனே இல்லை என்பது. ஒரு முனை திறந்த உலோக உறை, உள்ளே நெருக்கமாக அடுக்கிய தகடுகள், மறுமுனையில் பிராக்கெட்டில் ஓட்டைகள், அவ்வளவுதான். கார்டு முழுவதும் ஒரு காற்றுக் குழாய். காற்றைத் தள்ளும் வேலை சர்வரின் முன்பக்க ஃபேன்களுடையது. சாதாரணக் கணினிப் பெட்டியில் இதைப் போட்டால் சில நிமிடங்களில் 90 டிகிரியை எட்டி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மிஞ்சினால் அணைந்துவிடும்.

எவ்வளவு காற்று வேண்டும்? 300 வாட் வெப்பத்தை, கடந்து போகும் காற்று 15 டிகிரிக்கு மேல் சூடாகாமல் அள்ளிக்கொண்டு போக வேண்டுமானால், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர். அந்தக் காற்று இரண்டு விரல் உயரமுள்ள குழாய்க்குள், நெருக்கமான தகடுகளின் இடுக்கு வழியாகப் போயாக வேண்டும். அதனால்தான் சர்வர் ஃபேன்கள் சின்னதாக இருந்தாலும் அப்படி அலறுகின்றன. அவற்றுக்கு வேண்டியது அளவைவிட அழுத்தம்.

பள்ளம் கண்ட தண்ணீர் மேட்டுக்கு ஏறாது, காற்றும் அப்படித்தான். கார்டின் இடுக்கைவிட எளிதான வழி பக்கத்தில் திறந்திருந்தால் காற்று அந்த வழியே ஓடிவிடும், கார்டு காய்ந்து கிடக்கும். மெமரி ஸ்லாட்டில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள், பின்பக்கத்து ஓட்டைகளை மூடும் தகடுகள், சிபியு மேல் கவிழ்த்திருக்கும் பிளாஸ்டிக் கூண்டு எல்லாமே இந்த வழிகளை அடைப்பதற்காக வைத்தவை. செகண்ட் ஹேண்ட் சர்வரில் இவை பாதிதான் இருக்கும். கடையில் இவற்றைக் குப்பை என்று கழற்றி வீசியிருப்பார்கள். கார்டுக்கென்றே கூண்டின் வடிவத்தை மாற்றி, குட்டையான சிபியு ஹீட் சிங்க்கும் அதிக வேக ஃபேனும் சேர்த்து, தனி கிட்டாகவே விற்கிற சர்வர் கம்பெனிகள் உண்டு. விலையைப் பார்த்தால் பிளாஸ்டிக்குக்கா இவ்வளவு என்று வயிறு எரியும். வாங்கத்தான் வேண்டும்.

ஃபேன் உள்ள கேமிங் கார்டைப் போட்டால் பிரச்சினை தீருமா? பெரும்பாலான கேமிங் கார்டுகள் சூடான காற்றைப் பெட்டிக்குள்ளேயே நாலாபுறமும் விசிறும். அது சர்வரின் நேர்கோட்டுக் காற்றோட்டத்தோடு மல்லுக்கு நிற்கும். பின்பக்கமாகவே காற்றை வெளியேற்றும் பிளோயர் வகை ஓரளவு ஒத்துப்போகும். தனக்குப் பழக்கமில்லாத கார்டைக் கண்டால் அதன் வெப்பம் தெரியாமல், பாதுகாப்புக்காக ஃபேன்களைப் பெரும் வேகத்தில் ஓட விடுகிற சர்வர்களும் இருக்கின்றன. ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அது தின்கிற மின்சாரம் எட்டு மடங்காகும். மேலே போட்ட 80 வாட் கணக்கு அங்கே தப்பிப்போகும்.

எல்லாம் பொருத்தியாகிவிட்டது, ஆனாலும் டிரைவர் கார்டை ஏற்க மறுக்கிறது என்றால், சர்வர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் பாருங்கள். பழைய 32 பிட் முகவரிப் பரப்பு மொத்தமே 4 ஜிபி. 24 ஜிபி மெமரியைக் கணினிக்குத் திறந்து காட்டும் கார்டுக்கு அதில் இடமே போதாது. அபவ் 4ஜி டிகோடிங் என்றோ அதை ஒத்த பெயரிலோ இருக்கும் அமைப்பை இயக்கினால்தான் மேலே உள்ள முகவரிகளைச் சர்வர் ஒதுக்கும். அப்புறம், பி40இல் மானிட்டர் மாட்டும் போர்ட் கிடையாது. போர்டில் உள்ள பழைய விஜிஏ மானிட்டர் இணைப்பை அணைத்துவிடாதீர்கள்.

கடைசியில் அறை. சாதாரணமாக 35 டிகிரி வரை தாங்கும் சர்வர்கள் பலவற்றுக்கு, 250 அல்லது 300 வாட் கார்டு போட்டதும் அந்த எல்லை 30 ஆக இறங்கிவிடும். 2003 மே மாதம் 45 டிகிரியைத் தொட்ட ஊர் இது. ஏசி இல்லாத அறையில் கோடைக்காலத்தில் 30 என்பது விடியற்காலையில்கூட நிச்சயமில்லை. 720 வாட் சர்வர் 720 வாட் ஹீட்டரேதான். ஒரு டன் ஏசியின் திறன் 3.5 கிலோவாட் என்பதால் ஐந்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கும். பகலில் சரி. சின்ன அலுவலகங்களில் ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போவார்கள், நீளமான வேலைகள் ஓடுவதோ ராத்திரியில்தான்.

அதற்கு ஒரு வழி உண்டு. என்விடியா டிரைவரோடு வரும் கட்டளைக் கருவியில் கார்டின் மின் வரம்பைக் குறைக்கலாம். பி40ஐ 250இலிருந்து 180 வாட்டுக்கு இறக்கினால் வெப்பம் குறைகிற அளவுக்கு வேகம் குறையாது. சர்வரை ரீபூட் செய்தால் இந்த வரம்பு பழையபடி 250க்குப் போய்விடும், அதனால் பூட் ஆகும்போதே அந்தக் கட்டளை தானாக ஓடும்படி போட்டு வையுங்கள்.