கணத்துக்குள் இரண்டு ஒன்று

கணத்தில் ஓர் உறுப்பு ஒரு முறைதான் இருக்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் 1, 2, 3, 1 என்று ஒரு கணத்தை உண்டாக்கிவிடலாம். குறுக்கு வழி எதுவும் வேண்டாம், நிரலைச் சோதித்து இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரும் தடுக்காது.

ஹாஸ்கெலில் கணத்துக்குப் பெயர் செட்; உள்ளுக்குள் அது ஒரு மரம். சின்னது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம். எது சின்னது என்பது மரத்துக்குத் தெரியாது; ஒப்பீட்டுக்கான பொது ஒப்பந்தமான ‘ஆர்ட்’ என்ற டைப் கிளாஸைத்தான் கேட்கும். நம் டைப்பை, அதாவது தரவு வகையை, எப்படி ஒப்பிடுவது என்று எழுதிக் கொடுப்பது இன்ஸ்டன்ஸ். அதை யாரும் கையால் அனுப்புவதில்லை, டைப்பைப் பார்த்துக் கம்பைலரே தேடிக்கொள்ளும். ஒரு டைப்புக்கு ஒரே இன்ஸ்டன்ஸ்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் ஓடும் ஏற்பாடு இது.

இப்போது எண்ணைப் பொதிந்த ‘மதிப்பெண்’ என்றொரு டைப் இருக்கட்டும். அதற்கு ஒரு மாட்யூல் (நிரலின் தனிப் பகுதி) ஏறுவரிசை தருகிறது, இன்னொன்று இறங்குவரிசை. டைப்பும் கிளாஸும் வேறெங்கோ இருக்க இவை மட்டும் தனியே நிற்பதால், இவற்றை அநாதை இன்ஸ்டன்ஸ் என்பார்கள். ஒவ்வொரு மாட்யூலிலும் ‘செட்டில் சேர்’ என்று ஒரு ஃபங்ஷன். மூன்றாவது மாட்யூல் இரண்டையும் இம்போர்ட் செய்கிறது.

முதல் ஃபங்ஷனால் 1, 2, 3 சேர்த்தாயிற்று. உச்சியில் 2, இடத்தில் 1, வலத்தில் 3. சரி, இரண்டாவது ஃபங்ஷனால் மறுபடி 1-ஐச் சேர்ப்போம். இறங்குவரிசைக் கணக்கில் 2-ஐவிட 1 பெரியது, வலப்பக்கம் போகிறது. 3-ஐவிடவும் பெரியது, இன்னும் வலப்பக்கம். அங்கே யாரும் இல்லை, உட்கார்ந்துகொள்கிறது. இடப்பக்கம் இருக்கும் பழைய 1-ஐ அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எந்த இன்ஸ்டன்ஸ் என்பது அந்தந்த மாட்யூலிலேயே முடிவாகிவிட்டது. மூன்றாவது மாட்யூலுக்குத் தேட வேண்டிய வேலையே இல்லை, அதனால் மோதலும் கண்ணில் படவில்லை. அங்கேயே இரண்டு மதிப்பெண்களை நேராக ஒப்பிட்டிருந்தால் ஹாஸ்கெலின் ஜிஹெச்சி கம்பைலர் உடனே பிழை காட்டியிருக்கும்.

டைப் பாதுகாப்பு இதில் உடையவில்லை. எண் எண்ணாகவே இருக்கிறது. உடைந்தது செட் கொடுத்த வாக்கு. ஒரு டைப்பைக் கொடுத்தால் இன்னொரு டைப்பைத் தரும் டைப் ஃபேமிலிகளில் இப்படி மோதினால் எண்ணை எழுத்துச் சரமாகப் படிக்கும் அளவுக்கு நிலைமை போய்விடும் என்பதால், அங்கே மட்டும் ஜிஹெச்சி இம்போர்ட் செய்யும்போதே சோதிக்கிறது. இந்தப் பாகுபாடு எனக்கு உறுத்தல்தான். ரஸ்ட் மொழி அநாதைகளை அடியோடு மறுக்கிறது. அப்புறம் அங்கே, இரண்டு அந்நிய நூலகங்களை ஒட்டவைக்க நாமே ஓர் உறை டைப் செய்ய வேண்டியிருக்கும்.

ஹாஸ்கெலிலும் அந்த உறை உண்டு. இறங்குவரிசை வேண்டுமென்றால் ‘டவுன்’ என்ற நியூடைப்பில், அதாவது பழையதைச் சுற்றிய புது டைப்பில், பொதியலாம். அப்போது அது வேறு டைப், வேறு செட். இரண்டையும் கலந்தால் கம்பைல் ஆகாது.