வேலை போகும் என்ற பயமில்லாத நீதிபதி

1955 நவம்பரில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கமரியில், ஃபிராங்க் ஜான்சன் என்ற 37 வயதுக்காரர் கூட்டாட்சி விசாரணை நீதிபதியாகப் பொறுப்பேற்றார். டிசம்பர் 1ஆம் தேதி, அதே ஊரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். தொடர்ந்து வந்த பஸ் புறக்கணிப்பின்போது தொடுக்கப்பட்ட வழக்கை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்தது. அதில் ஜான்சனும் ஒருவர். நிறம் பார்த்து இருக்கை பிரிப்பது அரசியலமைப்புக்கு விரோதமானது என்று 1956 ஜூனில் இருவர் சொன்னார்கள், ஒருவர் மறுத்தார். அந்த இருவரில் ஒருவர் ஜான்சன். செல்மாவிலிருந்து மான்ட்கமரிவரை மார்ட்டின் லூதர் கிங் நடத்திய 1965ஆம் ஆண்டுப் பேரணிக்கு அனுமதி அளித்ததும் அவரே. அவர் வீட்டின் முன்னால் இனவெறியர்கள் மிரட்டலாகச் சிலுவையைக் கொளுத்தினார்கள். 1967இல் அவருடைய தாயாரின் வீட்டில் குண்டு வெடித்தது. தாயார் காயமின்றித் தப்பினார். இத்தனை நடந்தும் அவருடைய வேலையை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை.

அதே அலபாமாவில் மாநில நீதிமன்ற நீதிபதிகளை வாக்காளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜான்சன் கொடுத்தது போன்ற தீர்ப்பைக் கொடுத்துவிட்டு அன்றைய அலபாமாவில் ஒருவர் மறுபடி ஓட்டுக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. ஜான்சனின் நெஞ்சுரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த நெஞ்சுரம் வேலை செய்ய ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அதை 1787இலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

அமெரிக்க அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு கூட்டாட்சி நீதிபதிகளுக்கு இரண்டு உறுதிகளைத் தருகிறது. நன்னடத்தையோடு இருக்கும்வரை பதவி உண்டு. பதவியில் இருக்கும்வரை சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. இரண்டாவதுதான் அதிகம் பேசப்படாதது, ஆனால் அதுவும் முதலாவதற்குச் சமமான முக்கியம் உடையது. ஒருவருடைய பிழைப்பைக் கையில் வைத்திருப்பவர் அவருடைய மனத்தையும் கையில் வைத்திருக்கிறார் என்று அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் அந்தக் காலத்திலேயே வாதிட்டார். கூட்டாட்சி விசாரணை நீதிபதியை அங்கே மாவட்ட நீதிபதி என்பார்கள். 2025இல் அவருடைய ஆண்டுச் சம்பளம் 2,47,400 டாலர். நியூயார்க்கின் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களில் பங்குதாரராக இருப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் இந்த இருக்கைக்கு என்றைக்கும் ஆள் பஞ்சம் வந்ததில்லை.

நன்னடத்தை தவறினால்? அப்போதும் நாடாளுமன்றம்தான் நீக்க முடியும்: கீழவை குற்றம் சாட்டவேண்டும், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆமோதிக்க வேண்டும். இரு நூற்றாண்டுகளுக்கு மேலான வரலாற்றில் இப்படி நீக்கப்பட்ட நீதிபதிகள் எட்டுப் பேர்தான். நெவாடாவின் ஹாரி கிளைபோர்ன் வருமான வரிக் குற்றத்துக்காக 1986இல் சிறைக்குப் போனார். ராஜினாமா செய்ய மறுத்துவிட்டார். ஆகவே செனட் அந்த அக்டோபரில் நீக்கும்வரை, சிறைக்குள்ளிருந்தபடியே நீதிபதிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். 1989இல் நீக்கப்பட்ட ஃபுளோரிடா நீதிபதி ஆல்சி ஹேஸ்டிங்ஸின் கதை இன்னும் வேடிக்கையானது. 1992இல் தேர்தலில் நின்று, தன்மீது குற்றம் சாட்டிய அதே கீழவைக்கு உறுப்பினராகப் போய்ச் சேர்ந்தார். 2021இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

இவ்வளவு பாதுகாப்பான இடத்துக்கு யாரை அனுப்புவது? அதிபர் முன்மொழிகிறார், செனட் பெரும்பான்மை வாக்கில் ஏற்கிறது. வயது வரம்போ சட்டப் படிப்போ வேண்டும் என்று அரசியலமைப்பு எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் கதவின் சாவி அந்தந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களிடம் இருக்கிறது. செனட்டின் நீதித்துறைக் குழு அவர்களுக்கு ஒரு நீல நிறத் தாளை அனுப்பிக் கருத்துக் கேட்கும். தாள் திரும்பி வராவிட்டால் மாவட்ட நீதிபதி நியமனம் நகராது. சட்டத்தில் இல்லாத இந்தப் பழக்கம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நடக்கிறது. அதன்பின் எஃப்.பி.ஐ. விசாரணை, எழுதியது பேசியது எல்லாவற்றையும் கேட்கும் நீண்ட வினாப்பட்டியல், குழு முன் நேர்காணல்.

தேறி வருபவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு குற்ற வழக்கைக்கூட நடத்தாத நிறுவன வழக்கறிஞர்கள். கூட்டாட்சி நீதித்துறை மையம் புதியவர்களுக்குச் சில நாள் பயிற்சி தருகிறது. நீதிபதிகள் அதைக் குழந்தை நீதிபதிகளின் பள்ளி என்று கேலியாகச் சொல்வதுண்டு. அதை முடித்துவிட்டு ஊர் திரும்பும் அந்த நிறுவன வழக்கறிஞர், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மேல்முறையீட்டு நீதிபதிகளுக்குப் பக்கத்தில் இன்னும் இருவர் உண்டு. விசாரணை நீதிபதி பெரும்பாலும் தனியாகவே முடிவெடுக்கிறார். நாடெங்கும் 94 மாவட்டங்களில் இப்படி அறுநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இருக்கைகள்.

பயத்தை எடுத்துவிட்டால் மனிதனின் விருப்பு வெறுப்பு மட்டும் மிஞ்சும். இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை 1974இல் ஒரு சோதனை காட்டியது. நியூயார்க், கனெக்டிகட், வெர்மான்ட் பகுதிகளைச் சேர்ந்த 50 கூட்டாட்சி நீதிபதிகளுக்கு உண்மையான குற்றவாளிகள் 20 பேரின் கோப்புகளைக் கொடுத்து, என்ன தண்டனை தருவீர்கள் என்று கேட்டார்கள். மிரட்டிப் பணம் பறித்த ஒருவனுக்கு ஒரு நீதிபதி 20 ஆண்டுச் சிறையும் 65,000 டாலர் அபராதமும் எழுதினார். இன்னொருவர் அதே கோப்பைப் படித்துவிட்டு 3 ஆண்டு எழுதினார், அபராதம் இல்லை. குற்றத்தைவிட நீதிபதியின் பெயர்தான் தண்டனையைத் தீர்மானிக்கிறதோ என்ற சந்தேகம் இதோடு ஊர்ஜிதமானது. நியூயார்க் நீதிபதி மார்வின் ஃபிராங்கல், தான் செலுத்தும் அதிகாரத்துக்கே சட்டம் என்று ஒன்று இல்லை என ஏற்கெனவே வெளிப்படையாக எழுதியிருந்தார்.

இதற்கு மருந்தாக வந்தது ஓர் அட்டவணை. 1987 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தண்டனை வழிகாட்டு விதிகளில் மேலிருந்து கீழே குற்றத்தின் கடுமைக்கு 43 படிகள். இடமிருந்து வலமாக, பழைய குற்றங்களைப் பொறுத்து 6 பத்திகள். ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை மாதத்திலிருந்து இத்தனை மாதம் என்று எழுதியிருக்கும்.

ஒருவன் வங்கியில் துப்பாக்கியைக் காட்டிச் சிறு தொகை ஒன்றைக் கொள்ளையடித்தான் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளைக்கு அடிப்படை 20 படி. வங்கி என்பதால் 2 கூடும். துப்பாக்கியைக் காட்டியதற்கு 5. மொத்தம் 27. முன் குற்றம் எதுவும் இல்லாவிட்டால் முதல் பத்தி: 70 முதல் 87 மாதம். குற்றத்தை உரிய நேரத்தில் ஒப்புக்கொண்டால் 3 படி குறையும். 24ஆம் படி, 51 முதல் 63 மாதம். அதே 24ஆம் படியில் நிற்பவன் பலமுறை சிறை கண்ட ஆறாம் பத்திக்காரனாக இருந்தால் 100 முதல் 125 மாதம்.

கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு வழக்கறிஞர் நினைத்தால் அந்த 5 படிக்குப் பதிலாகத் துப்பாக்கிக்கென்றே தனிக் குற்றச்சாட்டு சுமத்தலாம். துப்பாக்கியைக் காட்டியதற்கு நாடாளுமன்றச் சட்டம் குறைந்தது 7 ஆண்டு என்கிறது, அதுவும் கொள்ளைக்கான தண்டனை முடிந்தபிறகு தனியாக. அதைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. நீதிபதியின் கையைக் கட்டப் போய், அந்த அதிகாரத்தில் பெரும்பகுதியை எந்தத் தீர்ப்பையும் எழுதாத அரசு வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டார்கள் என்பதே என் எண்ணம். 2018இல் கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் சிக்கியவர்களில் 90 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். விசாரணைவரை போனவர்கள் 2 சதவீதம் மட்டுமே. விசாரணை நீதிபதி என்ற பெயரில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் செய்வது தண்டனைக் கணக்குப் பார்ப்பதும் மனுக்கள்மீது உத்தரவு எழுதுவதும்தான்.

புரூக்ளின் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் இதைச் சகிக்க முடியாமல், போதைப்பொருள் வழக்குகளை இனி எடுக்கமாட்டேன் என்று 1993இல் அறிவித்தார். அவர் கறுப்பு அங்கியைத் தவிர்த்துச் சாதாரண கோட்டு அணிந்து, மேடையிலிருந்து இறங்கி, தண்டனை பெறப்போகிறவனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவார். 2005இல் உச்ச நீதிமன்றம் அந்த அட்டவணையைக் கட்டாயமல்ல, ஆலோசனை மட்டுமே என்று ஆக்கியது. கணக்குப் போட்டே ஆகவேண்டும்; விடைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, ஆனால் விலகினால் காரணம் சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் நிர்ணயித்த குறைந்தபட்சத் தண்டனைகள் அப்படியே இருக்கின்றன.

எந்த வழக்கு எந்த நீதிபதிக்கு என்பதை ஒரு காலத்தில் மரச் சக்கரம் சுற்றிச் சீட்டு எடுத்தும், இப்போது கணினியைக் கொண்டும் முடிவு செய்கிறார்கள். ஒரே நீதிபதி உள்ள ஊர்களில் இந்தக் குலுக்கலுக்குப் பொருளில்லை. டெக்சாஸின் வேகோ நகரில் அப்படி ஒருவரே இருந்தார். காப்புரிமை வழக்குகளுக்கு அவர் ஆர்வத்தோடு கதவு திறந்துவைக்க, 2021 வாக்கில் நாட்டின் காப்புரிமை வழக்குகளில் கால்வாசி அந்தச் சிறிய நகரத்தில் வந்து குவிந்தன. 2022 ஜூலையில், இனி வேகோவில் தாக்கலாகும் காப்புரிமை வழக்குகளை அந்த மாவட்டத்தின் 12 நீதிபதிகளுக்கும் பிரித்துக் கொடுப்பதென்று தலைமை நீதிபதி உத்தரவிட்டார்.

சோம்பலைத் தடுக்கும் வழி இதைவிட எளிமையானது: வெட்கம். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு மாதத்துக்கு மேல் முடிவெடுக்காமல் கிடக்கும் மனுக்கள் நீதிபதியின் பெயரோடு ஆண்டுக்கு இருமுறை வெளியாகும். தவறினால் அபராதமும் இல்லை, நடவடிக்கையும் இல்லை. ஆனாலும் கணக்கெடுக்கும் நாட்களான மார்ச் 31க்கும் செப்டம்பர் 30க்கும் முந்தைய வாரங்களில் உத்தரவுகள் மளமளவென்று வந்து விழுகின்றன.

இந்தப் பதவிக்கு ஓய்வு வயது கிடையாது. அதற்குப் பதில் ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. வயது 65ஐத் தொட்டபின், வயதும் பணியாற்றிய ஆண்டுகளும் சேர்ந்து 80 ஆனால் முழுச் சம்பளத்தோடு ஓய்வு பெறலாம். குறைந்தது 10 ஆண்டு பணி வேண்டும். அல்லது முதுநிலை நீதிபதி ஆகலாம். அதாவது அறையும் உதவியாளர்களும் அப்படியே இருக்க, சாதாரண நீதிபதியின் வேலையில் கால்பங்கைச் செய்தால் போதும். வீட்டில் சும்மா இருந்தாலும் வரக்கூடிய பணத்துக்காகவா வேலை செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் பெரும்பாலோர் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்கள் இல்லாவிட்டால் கூட்டாட்சி நீதிமன்றங்கள் திணறிப்போகும். கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகர நீதிபதி வெஸ்லி பிரவுன் 1962இல் கென்னடியால் நியமிக்கப்பட்டு, 1979இல் முதுநிலைக்குப் போனார். அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தார். நூறு வயது தாண்டியும் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நீதிமன்றத்தில் உட்கார்ந்தார். நீண்ட வழக்குகளோடு வரும் வழக்கறிஞர்களிடம், முடியும்வரை நான் இருப்பேனோ தெரியாது என்று முன்கூட்டியே எச்சரித்துவிடுவார். 2012 ஜனவரியில் 104 வயதில் இறந்தபோதும் அவர் நீதிபதிதான்.

முதுநிலைக்குப் போவதில் இன்னொரு விளைவு உண்டு. நீதிபதி வேலையில் தொடர்ந்தாலும் அவருடைய இருக்கை காலியானதாகக் கணக்கு. அன்றைய அதிபர் அங்கே புதியவரை நியமிக்கலாம். ஆகவே எந்தக் கட்சி அதிபர் காலத்தில் விலகுவது என்பதைப் பலர் கவனித்தே தேதி குறிக்கிறார்கள். 2024 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டிரம்ப் வென்றது தெரிந்தபின், முதுநிலைக்குப் போவதாக முன்பே அறிவித்திருந்த இரண்டு மாவட்ட நீதிபதிகள் அறிவிப்பைத் திரும்பப் பெற்று இருக்கையிலேயே தொடர்ந்தார்கள். குடியரசுக் கட்சி செனட்டர்கள் கொதித்தார்கள், நன்னெறிப் புகார்களும் போயின. ஆனால் முதுநிலைக்குப் போகும் நாளைத் தானே முடிவுசெய்யும் உரிமையைச் சட்டம் நீதிபதிக்கே கொடுத்திருக்கிறது.